தாம்பாள அங்கிளின் கடைசிப் படம்

மொக்கைப் படத்தைப் பாதியில் எழுந்து போகவிடாமல் கடைசிவரை உட்கார வைக்கும் வல்லமை உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் டைரக்டர் இல்லை, நடிகரும் இல்லை. ஆக்லாந்தில் பஸ் ஓட்டி ரிட்டயரான மலேசியத் தமிழர். அதே ஆக்லாந்தின் தெற்குப் பக்கம், தகனினியில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. திட்டாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வீட்டுக் கறிபாப்பைத் தின்றேன், பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் தாம்பாள அங்கிள். அப்படிக் கூப்பிட்டால்தான் அவரே திரும்பிப் பார்ப்பார்.

நாங்கள் குடிவந்த முதல் வாரமே வாசலில் வந்து நின்றார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பஸ் ஓட்டிய நாளின் நீலக் கால்சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பு.

"பசியாறியாச்சா? சண்டே மூணு மணிக்கு ஃப்ரீயா இருப்பீங்களாம்மா?"

இந்த ஊரில் முன்பின் தெரியாத தமிழர் ஞாயிறு மதியம் கூப்பிட்டால், ஒன்று பஜனையாக இருக்கும், இல்லாவிட்டால் நம் தலையில் சோப்பு கட்டும் சங்கிலி வியாபாரமாக இருக்கும். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே, "நாங்க ஏற்கெனவே சோப்பு வாங்கிட்டோம் சார்!" என்று குரல் கொடுத்தார். மனுஷன் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"சோப்பு இல்லை லா. படம். சிரிப்புப் படம். கறிபாப் இருக்கு."

கறிபாப் என்றால் மலேசியாக்காரர்கள் செய்யும் உருளைக்கிழங்குக் கறி வைத்த சோமாசி. அந்த ஒரு சொல்லுக்கு விழுந்தோம்.

தகனினியில் யாருமே கராஜில் காரை விடுவதில்லை. ஒரு வீட்டில் அது டியூஷன் சென்டர், ஒரு வீட்டில் பரதநாட்டிய வகுப்பு. இவர் வீட்டில் சினிமா தியேட்டர். கராஜ் ஜன்னலில் கறுப்புக் குப்பைப் பை ஒட்டி இருட்டாக்கியிருந்தார். சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. இஸ்திரி போடும் பலகையின் மேல் புரொஜெக்டர். நடுவில் இரண்டு நிஜ பஸ் இருக்கை, அவர் ஓட்டிய பழைய பஸ்ஸை உடைக்கும்போது கேட்டு வாங்கியதாம். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் ஞாயிறு முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம்.

படம் ஒன்றல்ல, இருபத்தாறு. ஒரு பழைய பிரிட்டிஷ் சிரிப்புப் படத் தொடர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் தேடிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். எல்லாப் படத்திலும் அதே எட்டு நடிகர்கள். ஒல்லியாக ஒருவர், மொட்டைத் தலையாக ஒருவர், எப்போதும் கத்துகிற விதவை ஒருத்தி, இப்படி. முதல் படத்தில் அவர்கள் தபாலாபீஸை நாசம் பண்ணுவார்கள், இரண்டாவதில் ரயில் நிலையத்தை, மூன்றாவதில் ரொட்டிக் கடையை. அங்கிளின் திட்டம் சுலபமானது. இரண்டு வாரத்துக்கு ஒரு படம், ஒன்றாம் நம்பரிலிருந்து இருபத்தாறு வரை, வரிசை மாறாமல். நடுவில் ஒன்றை விட்டுவிட்டுத் தாவலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஸ்டாப்ல நிக்காமப் போற பஸ் ஒரு பஸ்ஸா?" என்று கேட்டவர் அரை மணி நேரம் என்னோடு பேசவே இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முதல் பத்துப் படங்கள் அற்புதம். பக்கத்துத் தெரு பவானி அக்கா யாழ்ப்பாணத்தவர். சிரிப்பதற்கே யோசிக்கிற பெண்மணி. ரொட்டிக் கடைப் படத்தில் ஒல்லியானவர் மாவுக்குள் விழுந்தபோது அவர் பஸ் இருக்கையிலிருந்து சரிந்து தரைக்கே வந்துவிட்டார். "ஐயோ, ஒருக்கா நிப்பாட்டுங்கோ, எனக்கு மூச்சு விடேலாமல் கிடக்கு!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தாம்பாளத்துக்கு வருகிறேன். சிரிப்புப் படம்தான், ஆனால் பிரிட்டிஷ் சிரிப்புப் படம். திடீரென்று யாராவது குளிப்பார்கள், எவனுக்காவது துண்டு அவிழும். எதிரே குழந்தை குட்டிகளோடு முப்பத்தெட்டுப் பேர். அங்கிளுக்குப் படம் முழுக்க மனப்பாடம். இடம் வருவதற்கு இரண்டு விநாடி முன்னால் எழுந்து, கல்யாணத்தில் சீர் வைக்கிற அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தைப் புரொஜெக்டருக்கு முன்னால் பிடிப்பார். திரை இருண்டுவிடும். வில்லங்கம் முடிந்த கணமே இறக்குவார். ஒரு விநாடி முன்பின் போகாது. வசனத்தில் வில்லங்கம் வந்தால் அதற்கு இருமல்.

"ரிமோட்ல ஓட்டிவிட்டா முடிஞ்சது அங்கிள், எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"படத்தை வெட்டறது பாவம் லா. மறைக்கிறது மரியாதை."

ஆறேழு படம் கழித்துத்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. தாம்பாளம் எழும்போதெல்லாம் அவளும் மற்ற பிள்ளைகளும் சமர்த்தாகத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வார்கள். என்ன ஒழுக்கமான பிள்ளைகள் என்று நான் பெருமைப்பட்டேன். ஒருநாள் சந்தேகம் வந்து நானும் அண்ணாந்து பார்த்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தில் வெளிச்சம் பட்டுத் தெறித்து, மறைக்க வேண்டிய அத்தனையும் கராஜ் கூரையில் கொஞ்சம் கலங்கலாக, தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

"மம், இட்ஸ் த பெஸ்ட் பார்ட்!" என்றாள் நிலா.

அன்றைக்கே புரொஜெக்டரைப் பார்க்கிற தாம்பாளத்தின் பின்பக்கம் கறுப்பு டேப் ஒட்டப்பட்டது. அங்கிள் ஒரு வாரம் குழந்தைகள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டார். குழந்தைகளுக்கு அந்த வெட்கம் துளியும் இல்லை.

அப்புறம்தான் சரிவு தொடங்கியது. சினிமா விமர்சகர்கள் நட்சத்திரம் போட்டு அளப்பார்கள், எங்களுக்குத் தாம்பாளம்தான் அளவு. முதல் படத்தில் அது ஒரே ஒரு தடவை எழுந்தது. பத்தாவதில் ஆறு தடவை. பதினெட்டாவதில் அங்கிள் வலது கை வலித்து இடது கைக்கு மாற்றினார். இருபத்திரண்டாவது படத்தில் தாம்பாளத்தை இறக்கியதே நாலு முறைதான். மீதி நேரம் இருட்டில் உட்கார்ந்து அவர் இருமுவதைக் கேட்டோம். பவானி அக்கா அடுத்த தடவை ஒரு பிளாஸ்க்கில் கொத்தமல்லிக் குடிநீர் கொண்டுவந்து, "இதைக் குடியுங்கோ அண்ணை, உங்கட நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்று நீட்டினார். அக்கா அதை நிஜமான இருமல் என்றே நினைத்துவிட்டார்.

படம் எடுத்தவர்களுக்குச் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. மொட்டைத் தலையர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒல்லியானவர் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர் அவரைப் போலவே நடிக்க முயன்றார், அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கதை இருந்த இடத்தில் உள்ளாடை வந்து உட்கார்ந்தது. முப்பத்தெட்டுப் பேர் இருபதானோம், பிறகு பதினைந்து. என் வீட்டுக்காரர் ஞாயிறு மூன்று மணிக்குச் சரியாகப் புல் வெட்டப் போவார், மழை கொட்டினாலும் போவார். சிலர் இடைவேளையில் கறிபாப்பைத் தின்றுவிட்டு நைசாக நழுவினார்கள். அதைக் கண்டுபிடித்த அங்கிள் கறிபாப்பைப் படம் முடிந்த பிறகுதான் தருவது என்று சட்டத்தை மாற்றினார். நான் உட்பட ஐந்தாறு பேரை அவர் கட்டிப்போட்டு வைத்திருந்தது அப்படித்தான்.

"நல்லாவே இல்லையே அங்கிள்" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா. அவங்களுக்கும் வயசாவுது தானே. நல்லா இருந்தப்போ சிரிச்சோம். இப்போ முடியலன்னு எழுந்து போயிட்டா நல்லாவா இருக்கும்?"

இன்னொரு சட்டமும் உண்டு. பத்துப் பேர் இல்லாவிட்டால் படம் கிடையாது. ஆபரேட்டர் என்பதால் அவர் கணக்கில் வர மாட்டார். மடியில் இருக்கிற குழந்தையும் வராது. தூங்குகிறவர் வருவார், அதனால் பவானி அக்காவின் கணவருக்கு எப்போதும் ஒரு இடம் உறுதி. இருபத்தைந்தாவது படத்தை அவருடைய குறட்டையோடு சேர்த்துச் சரியாகப் பத்துப் பேர் பார்த்து முடித்தோம். அடுத்தது கடைசி. அன்றைக்கு எட்டே பேர் வந்தோம்.

அங்கிள் மூன்றரை வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, "ஷோ கேன்சல்" என்று சொல்லி ஆளுக்கு ஒரு பொட்டலம் கறிபாப் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நாங்க எட்டுப் பேர் மனுஷங்களா தெரியலையா? போடுங்க அங்கிள்! நீங்க பாத்த படம்தானே!"

"பாக்கலைம்மா."

அன்றுதான் சொன்னார். மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு சின்ன டவுன். அங்கே ஒரே ஒரு தியேட்டர். இந்தத் தொடரின் ஒவ்வொரு படமும் வர வர, வேலை முடித்து சைக்கிளில் போய் முதல் நாளே பார்த்துவிட்டு, படம் மாறும்வரை தினமும் போவாராம். கடைசிப் படம் வந்தபோது ஊரில் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. மொத்தம் ஏழே டிக்கெட். பத்துக்குக் குறைந்தால் காட்சி இல்லை என்பது மேனேஜரின் சட்டம். டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். மறுநாள் படப்பெட்டியை வேறு ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஈப்போவில் ஒருமுறை, ஜொகூரில் ஒருமுறை, கூட்டாளிகளைச் சேர்த்து ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தாராம். இரண்டு தடவையும் பதினெட்டைத் தாண்டுவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அலமாரியைத் திறந்து காட்டினார். இருபத்தைந்து டிஸ்க்கும் உறை பிரித்துக் கிடந்தன. இருபத்தாறாவதன் கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

"ஒரு ராத்திரி தனியா போட்டுப் பாத்திருக்கலாமே?"

"சிரிப்புப் படத்தைத் தனியா உக்காந்து பாக்கறதா? பைத்தியம்னு சொல்லுவாங்க லா."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். பெர்த்தில் இருக்கும் மகள் கூப்பிடுகிறாளாம், வீடு கைமாறிவிட்டது, இன்னும் இரண்டு வாரம்தான். மகளுடையது அடுக்குமாடி வீடு. கராஜ் கிடையாது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் கறிபாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்த வாரம் நான் எலெக்ஷனில் நிற்கிறவள் மாதிரி வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம், "இந்த சண்டே புல்லைத் தொட்டீங்கன்னா அந்தப் புல்லையே சமைச்சுப் போடுவேன்" என்றேன். நிலாவையும் சேர்த்து மூன்று. பவானி அக்காவும் அவருடைய குறட்டைக்காரரும் ஐந்து. ஃபீஜியிலிருந்து வந்த பிளம்பர் நாயுடுவுக்குத் தமிழில் நாலு வார்த்தைதான் தெரியும், அங்கிள் வீட்டு வெந்நீர்த் தொட்டியைச் சரிசெய்ய வந்தவரைப் பிடித்தேன். "ஈஸி, நோ வரீஸ் அக்கா" என்று மனைவியையும் கூட்டிவருவதாகச் சொன்னார். ஏழு. பக்கத்துப் பேட்டை பிளாட் புஷ்ஷில் இருக்கும் என் ஆபீஸ் தோழி ஷீலாவிடம் அவள் குழந்தையை நாலு சனிக்கிழமை நான் பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் பண்ணினேன். அவளும் தங்கையும் ஒன்பது. பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. ஆக்லாந்தின் மறுகோடியில், மாசி என்ற இடத்தில் இருக்கிற ஒரு தூரத்துச் சொந்தம், "மோட்டார்வேயில ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து அந்தப் படமா?" என்று போனையே வைத்துவிட்டது.

ஞாயிறு மூன்று மணி. நாயுடுவோடு சும்மா கூட வந்த அவர் மைத்துனனையும் சேர்த்து ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம், பவானி அக்கா மட்டும் வந்தால் பத்து. அதற்குள் மைத்துனனுக்கு ஷிஃப்ட் இருக்கிறது என்று போன் வந்து ஓடிவிட்டான், திரும்பவும் எட்டு. பவானி அக்காவுக்குப் போன் பண்ணினால், வீட்டில் புதுக் காருக்குப் பூசை, இப்போதுதான் முடிந்தது என்றார். "பத்தாவது ஆள் கிடைக்கலைக்கா" என்றேன், அழுகையே வந்துவிட்டது.

"பொறு பிள்ளை, ஆளோடை வாறன்."

 அவருடைய கணவர் முன்கூட்டியே வந்து தூங்கிக்கொண்டிருந்தார்.   

பத்து நிமிஷத்தில் கராஜ் கதவு திறந்தது. பவானி அக்கா. பின்னால் கோயில் குருக்கள். நெற்றி நிறைய விபூதி, தோளில் சால்வை, கையில் காருக்குச் சுற்றியதில் மிஞ்சிய எலுமிச்சம்பழம்.

"வேறை ஒருத்தரும் அம்பிடேல்லை" என்றார் பவானி அக்கா என் காதில். "பழைய படமெண்டு சொன்னன். ஐயா புராணப் படமெண்டு நினைச்சிட்டார் போலை."

"ஓம் ஓம், பழைய படங்கள்தான் நல்லது" என்று சொல்லியபடியே குருக்கள் முன்வரிசை பஸ் இருக்கையில் சம்மணம் போட்டு அமர்ந்தார்.

அங்கிளின் முகம் வெளுத்துவிட்டது. என்னை மூலைக்கு இழுத்துப் போனார்.

"அலாமாக்! மா, இந்தப் படத்தை நான் பாத்ததே இல்லை. எந்த இடத்தில தாம்பாளம் தூக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அவரும் அதுவரை யோசிக்கவில்லை. இருபத்தைந்து படத்தை விநாடிக் கணக்கில் மனப்பாடம் பண்ணியவர், இருபத்தாறாவதற்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டும். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். பத்து.

"ஓடட்டும் லா" என்றார். தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

படம் ஆரம்பித்தது. கடலோரத்தில் கூடாரம் போட்டு விடுமுறை கழிக்கிற கதை. அந்த விதவை ஒரு கதவைத் திறந்துகொண்டு குளியலறைக்குள் போனாள். அங்கிள் பாய்ந்து தாம்பாளத்தைத் தூக்கினார். உள்ளே பல் விளக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெட்கத்தோடு இறக்கினார். அடுத்து ஒரு பாதிரியார் டீ குடித்தார். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அங்கிள் மூச்சு விட்ட அதே நொடியில், புயல் அடித்து ஏழு கூடாரமும் ஒன்றாகப் பறந்தன. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ போச்சு லா!"

தாம்பாளம் எழுந்தபோது திரையில் மறுபடி பாதிரியார். அவரைப் பத்திரமாக மறைத்தார். இறக்கினார், பின்னால் ஒரு குண்டு மனிதர் துண்டில்லாமல் ஓடினார். தூக்கினார், ஒரு நாய்க்குட்டி. இருமினார், அப்போது வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வில்லங்கமான வசனம் அதற்கடுத்து நிதானமாக, தெளிவாக வந்தது. மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவசரத்தில் தாம்பாளத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டார், டேப் ஒட்டாத பளபள பக்கம் புரொஜெக்டரைப் பார்த்தது. அவ்வளவுதான், அந்தக் குண்டு மனிதர் கராஜ் கூரையில் தலைகீழாக, சரியாகக் குருக்களின் தலைக்கு மேலே ஓடினார்.

குருக்கள் அண்ணாந்து பார்த்தார்.  பவானி அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இவர் என்ன, ஆகாயத்திலையும் ஓடுறார்?" என்றார் குருக்கள். சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் வயிறு குலுங்கி, கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு போய்த் தூங்கிக்கொண்டிருந்த பவானி அக்காவின் கணவர் காலில் இடிக்க, அவர் "என்ன, முடிஞ்சுதோ?" என்று பதறி எழுந்தார். அதற்குப் பிறகு யாராலும் முடியவில்லை. நாயுடு சுவரில் சாய்ந்துகொண்டு விக்கி விக்கிச் சிரித்தார். ஷீலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள், அந்த நாயை மறைங்க, நாயை மறைங்க!" என்று கத்தினார். படத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் தாம்பாளத்தைப் பார்த்துச் சிரித்தோம். ஒன்றேகால் மணி நேரம் சிரித்தோம்.

அங்கிளுக்கு அது தெரியவில்லை. திரையையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்ப்பதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. 'முற்றும்' விழுந்து விளக்கைப் போட்டபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண்ணும் நனைந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றார். "கடைசிப் படம் மோசம், மோசம்னு ஊரே சொல்லுச்சு லா. பாத்தீங்களா எப்படிச் சிரிச்சீங்க!"

நிலா வாயைத் திறந்தாள். "பட் அங்கிள், வி வேர் லாஃபிங் அட்..."

நான் அந்த வாயில் ஒரு முழுக் கறிபாப்பைத் திணித்தேன். குருக்கள் எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, "நல்ல படம். ஆக நல்ல படம்" என்றார். கோயிலில் அவர் இவ்வளவு அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கிள் பெர்த் போய் மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் அவர் மகள் எனக்குப் போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, அப்பா வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அந்தக் கடைசிப் படத்தைப் பத்தியேதான் பேசறாரு. அதுதான் பெஸ்ட்டாம். நேத்து நானும் போட்டுப் பாத்தேன். ஐயோ, அவ்ளோ மோசம்! நீங்கல்லாம் எப்படித்தான் சிரிச்சீங்க?"

"தனியாவா பாத்த?"

"ஆமா, அப்பா தூங்கினப்புறம்."

"இன்னொரு தடவை அப்பாவோட உக்காந்து பாரும்மா" என்றேன்.

அவள் சரி என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன் என்பதை என் வீட்டுக்காரரிடம் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம்.